மஞ்சள் துணிக்குள் ஒரு ராசா

புகைக்கருவிக்கு என் வீட்டுக்காரர் குளியல் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார்.

பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில், எங்கள் வீட்டு சலோனில், வரவேற்பறைக் கூரையில், அந்த வெள்ளை வட்டப் பெட்டி இருக்கிறது. மிளகாய் பொரித்தாலே அலறும். போன வருடம் கீழ்வீட்டுக்காரி தீயணைப்புப் படையை அழைக்க, நான் வாசலில் அகப்பையோடு நின்று மன்னிப்புக் கேட்ட கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதனால் அன்று முன்யோசனையாக, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதிரையில் ஏறி நின்று மனுசன் தொப்பியை இழுத்து இழுத்து மாட்டினார்.

அன்று எங்கள் வீட்டில் மகனின் கலியாணத்துக்குப் பொன்னுருக்கு.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னைக் கண்ட ஒரு வாசகி, "எந்த நாளும் முழங்கால் நோவையும் கூட்டித் துடைக்கிற மெனாஜ் வேலையையும்தான் எழுதுறியள், ஒரு சந்தோசமான விசயம் எழுதுங்கோவன்" என்று கேட்டார். இதோ கலியாணக் கதை. சந்தோசமானது என்று நம்பித்தான் நானும் அந்த நாளைத் தொடங்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தாலிக்கான பொன்னைக் கடையில் வாங்கிச் செய்துவிட முடியாது. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், பெண் வீட்டாரின் முன்னிலையில் ஒரு பொற்காசைப் பத்தர் உருக்கிக் காட்டவேண்டும். பத்தர் என்றால் நகை செய்பவர். எங்கள் பத்தருக்கு லா சப்பலில் ஒரு சின்னக் கடை. முப்பது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறார். ஊரில் கரியும் உமியும் வைத்து ஊதிய மனிதர் இங்கே ஒரு சின்னக் காஸ் விளக்கோடு வீடு வீடாக வருகிறார்.

பெண்ணின் தாய் செவ்ரானிலிருந்து நான்கு பேரோடு வந்து சோபாவில் இருந்தார். நிறைகுடம் வைத்தாயிற்று. குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. என் மகள் அபி போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தாள். அதற்குள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து என் அக்கா தவமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

நான் தட்டில் வெற்றிலையை வைத்து, அதன் மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சை வைத்தேன். முப்பத்து மூன்று வருடம் அவிழ்க்காத முடிச்சு. நூல் இறுகிப்போய்க் கத்தரிக்கோலால் வெட்டவேண்டி இருந்தது. உள்ளேயிருந்து தாடிக்கார ராசா ஒருவர் பளபளவென்று மேலே பார்த்தபடி வெளியே வந்தார்.

"பழைய பவுண்!" என்றார் சம்மந்தி. "இப்ப இதெல்லாம் ஆரிட்டை இருக்குது?"

"அக்கா தன்ரை தாலிக்கொடியிலையிருந்து கழட்டித் தந்தது" என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பெருமை வரத்தானே செய்யும்.

எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். மகன் தட்டைப் பத்தரிடம் கொடுத்தான். பத்தர் காசை விரல் நுனியில் எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. காசைப் புரட்டினார். உடனே பெருவிரலால் மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, ஒருக்காக் குசினிக்கு வாறியளோ? கொஞ்சம் வெங்காரம் கரைக்கோணும்" என்றார்.

பொன் உருக்கப் போடும் வெங்காரத்தைக் கரைக்க நான் எதற்கு என்று யோசித்தபடி அவர் பின்னால் சமையலறைக்குப் போனேன்.

அக்கா கழற்றித் தந்தது

அந்தக் காசு என்னிடம் வந்த காலையை முதலில் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரரைக் கட்டுவதற்காக நான் பாரிசுக்குப் புறப்பட்ட நாள். இவர் அப்போது இங்கே வந்து மூன்று வருடம், பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் இல்லாமல் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். என்னை வழியனுப்ப இவருடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து எங்கள் முற்றத்தில் நின்றார்கள். அதில் ஒரு மாமி என் கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "பிள்ளையை வெறுங்கையோடையோ அனுப்புறியள்?"

போர்க்காலம். இருந்ததெல்லாம் பயணத்துக்கே போய்விட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண் விழுங்காதா என்றிருந்தது.

அக்கா முன்னால் வந்தாள். கழுத்தில் கிடந்த தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். எங்கள் கொடிகளில் தாலிக்கு இரு பக்கமும் பொற்காசு கோத்திருக்கும். அக்காவின் கொடியில் நான்கு. அத்தான் வீட்டார் போட்டது. ஊரில் அதற்கு ஒரு பெரிய பேர் இருந்தது. அக்கா குறட்டால் வளையத்தை நெரித்து ஒரு காசைக் கழற்றினாள். ராசாவின் முகம் எல்லோருக்கும் தெரியப் பிடித்துக் காட்டினாள். மாமியின் வாய் மூடிக்கொண்டது.

உள்ளே போய் அதை மஞ்சள் துணியில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். "அம்மனுக்கு நேர்ந்து கட்டியிருக்கிறன். உன்ரை வீட்டிலை முதல் கலியாணம் நடக்கேக்கைதான் அவிழ்க்கோணும். அதுக்கு முன்னம் அவிழ்த்தியோ, எனக்குத்தான் கூடாது" என்றாள்.

பாவாடையின் விளிம்பில் வைத்துத் தைத்துக்கொண்டு நான்கு நாடுகள் கடந்தேன். ஒரு பெண் தன் தாலிக்கொடியில் கைவைத்துத் தந்த பொருளை எப்படி மறப்பது? நான் மறந்தாலும் ஊர் மறக்கவிடாது. கலியாணம், செத்தவீடு, திருவிழா எதுவென்றாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்: கொடிப் பவுணைக் கழட்டிக் குடுத்தவள்.

அன்றிலிருந்து அக்கா சொன்னதற்கு மறுபேச்சில்லை. என் பிள்ளைகளுக்குப் பேர் வைத்தது அக்கா. அபி என்ன படிக்கவேண்டும் என்று சொன்னது அக்கா. எந்தத் திருவிழாவுக்கு எத்தனை சேலை அனுப்புவது, யாரோடு பேசுவது, யாரோடு பேசாமல் விடுவது, எல்லாம் அக்காதான். வேலையால் வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்திருக்கும்போது போன் அடிக்கும். எடுத்தால் கட்டளை. சில நாட்களில் எடுக்காமல் விட்டிருக்கிறேன். பிறகு அந்தக் காசு நினைவுக்கு வரும், நானே திருப்பி எடுப்பேன்.

ஒரு மாரியில், பனிக்குளிர் காலத்தில், இவருக்கு வேலை போய், வாடகை நிலுவையில் நின்று, வீட்டைவிட்டு எழும்பு என்று கடிதமும் வந்துவிட்டது. மகன் கைக்குழந்தை. "அந்தப் பவுணை விப்பமோ?" என்று இவர் கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன். போனுக்குள்ளிருந்து அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "நேர்த்திக் காசடி! அவிழ்த்தால் என்ரை தாலிக்குக் கூடாது!"

அதற்குப் பிறகு என்ன கேட்பது? நான் இரண்டு இடத்தில் மெனாஜ் பிடித்தேன். பகலில் ஒன்று, விடியற்காலையில் ஒன்று. இந்த முழங்கால் அந்த மாரியில் போனதுதான். முடிச்சு அப்படியே ரவிக்கைகளுக்கு அடியில் கிடந்தது.

இறைசால், பவுண், சதம்

குசினிக்குப் போகுமுன் என் தகப்பனார் ஐயாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அங்கே நான் கண்டது உங்களுக்கு விளங்காது.

எங்கள் ஐயா பத்திரம் எழுதிப் பதிகிற ஒரு நொத்தாரிசிடம் எழுத்தராக இருந்தவர். பழைய காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களைப் படித்துச் சொல்வதுதான் அவர் வேலை. அந்த உறுதிகளில் விலை இறைசாலில் எழுதியிருக்கும். ஒல்லாந்தர் கொண்டுவந்த காசு அது. ஒல்லாந்தரை அனுப்பிவிட்டு வெள்ளைக்காரன் வந்தபின்னும் சனம் இறைசாலை விடவில்லை. பிறகு அவன் தன் ஊர்க் கணக்கைக் கொண்டுவந்து, பவுண், சிலிங், பென்ஸ் என்று எழுதச் சொன்னான். அதைப் படித்து முடிப்பதற்குள் அதுவும் வேண்டாம், இனி ரூபாய், ரூபாய்க்கு நூறு சதம் என்றான்.

ஒரே காணி, ஒரே வேலி, ஒரே கிணறு. ஆனால் பூட்டன் உறுதியில் ஒரு காசு, பாட்டன் உறுதியில் இன்னொரு காசு, தகப்பன் உறுதியில் மூன்றாவது காசு. மூன்றையும் ஒன்றாக்கிச் சொல்வதற்குள் ஐயாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும்.

"அரசாங்கம் ஒரு கடதாசியிலை மாத்திப்போடும். சனத்தின்ரை தலைக்குள்ளை மாற ஒரு ஆயுள் வேணும்" என்பார்.

அவருடைய மேசை இலாச்சியில் பழைய காசுகள் கிடந்தன. எங்களுக்கு அவை விளையாட்டுச் சாமான். ஐந்து சதம் மட்டும் சதுரமாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். அரைச் சதம் இருந்தது. கால் சதம்கூட இருந்தது. அவ்வளவு சின்னக் காசுக்கு எதை வாங்கியிருப்பார்கள் என்று நாங்கள் சண்டை பிடிப்போம். செப்புச் சதத்தில் ஒரு பக்கம் ராசா, மறுபக்கம் நடுவில் ஒரு மரம். அது தாளிப்பனை என்று ஐயா சொல்லுவார். நாங்கள் எங்கள் பனை என்றே பிடிவாதமாக இருந்தோம். மரத்துக்கு இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும்: ஒரு சதம்.

வெள்ளைக்காரனின் பவுண் காசும் அந்த நாட்களில் கைமாறியதாம். பொன்னென்றால் பொன்தான், அதை நம்பலாம். முதலாவது பெரும் போர் வந்ததும் பவுண் கடைத்தெருவில் கண்ணில் படாமல் போயிற்று. அதற்குப் பதிலாகக் கடதாசி நோட்டு வந்தது. கடதாசியை நம்புகிற சனமா எங்கள் சனம்? கையில் அகப்பட்ட பவுணையெல்லாம் பெண்களின் கழுத்தில் ஏற்றிவிட்டார்கள். தாலிக்கொடியில் கிடந்தால் கள்ளனும் யோசிப்பான், கடன்காரனும் யோசிப்பான்.

ஐயா சொன்ன தலைக்குள் மாறும் கதை எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது. வந்த புதிதில் பிராங்கை ரூபாயாக்கிப் பார்த்துத்தான் ஒரு பிடி கொத்தமல்லிகூட வாங்குவேன். ஒருவழியாகப் பிராங்கில் நினைக்கப் பழகினேன். அதற்குள் யூரோ வந்துவிட்டது. இப்போதும் விலையைப் பார்த்தால் யூரோ பிராங்காகி, பிராங்க் ரூபாயாகி, ஊர்ச் சந்தைக்குப் போய் மலைத்து நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. இந்தக் களைப்புக்கு மருத்துவர் மருந்து எழுதமாட்டார்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவேயில்லை. லா சப்பல் நகைக்கடைகளில் இன்றும் நாங்கள் பவுண் கணக்கில்தான் கேட்கிறோம். பவுண் என்றால் எட்டுக் கிராம். "பிரான்சில் இருந்துகொண்டு பொன்னை ஏன் இங்கிலீசுக்காரரின் காசால் நிறுக்கிறீர்கள்?" என்று அபி ஒருமுறை பிரெஞ்சில் கேட்டாள். ராசா போய்விட்டார், அவருடைய காசும் போய்விட்டது, அதன் பாரத்தை மட்டும் நாங்கள் இறக்கி வைக்கவில்லை. இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வராது. "போய்ப் படி" என்றேன்.

குசினியில்

பத்தர் கதவைச் சாத்தினார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார், பேச்சு வெளியே கேட்காமலிருக்க.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. இது பவுண் இல்லை."

"என்ன சொல்லுறியள் அண்ணை?"

"கையிலை எடுத்தவுடனை விளங்கிட்டுது. பாரமில்லை."

பெருவிரலை எடுத்தார். காசின் மறுபக்கம் இருந்தது. நடுவில் மரம். இரு பக்கமும் எழுத்து. முலாம் பூசிய பளபளப்புக்குள் தமிழில், தெளிவாக, ஒரு சதம்.

ஐயாவின் இலாச்சியில் நான் வைத்து விளையாடிய அதே சதம்.

பத்தர் மெதுவாகப் பேசினார். இப்படி அடிக்கடி வருமாம். செப்புச் சதமும் பவுணும் ஏறக்குறைய ஒரே அகலம். முலாம் பூசிக் கொடியில் கோத்து, முகத்தை வெளியே விட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மரம் நெஞ்சுப் பக்கம் இருக்கும்.

"ராசாவைப் பாருங்கோ, தலையிலை கிரீடம் இருக்குது. பவுணிலை இவர் வெறுந்தலை. வெள்ளைக்காரர் தங்கடை பொற்காசிலை இவருக்குக் கிரீடம் வைக்கேல்லை. எங்களுக்கெண்டு அடிச்ச செப்புக் காசிலைதான் கிரீடத்தோடை வருவார்."

"முந்தியே உரைச்சுப் பாத்திருக்கலாமே அண்ணை?" அவரிடம் எதற்குக் கோபப்பட்டேன் என்று தெரியவில்லை.

"பொன்னுருக்குக் காசை உரைகல்லிலை வைக்கிறேல்லை, தங்கச்சி. கொண்டு வாற சனத்தை நம்பேல்லை எண்டு ஆகிப்போடும். ஆரும் உரைக்காததாலைதான் இதுகள் இவ்வளவு தூரம் வந்து நிக்குது."

கதவுக்கு அப்பால் என் வீட்டுக்காரர், "நேரம் போகுது!" என்றார். நல்ல நேரம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

எனக்குச் சம்மந்தியின் நினைவு வரவில்லை. அக்காவின் நினைவுதான் வந்தது. அவளை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். யார்? கொடி போட்டது அத்தான் வீட்டார். அத்தான் செத்து எட்டு வருடம். இன்றும் அவர் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் அக்கா தேத்தண்ணீர் குடிப்பாள். இந்தக் காசு நெருப்பில் கறுத்தால் போனுக்குள் அக்கா பார்ப்பாள், அவளுக்குப் பின்னால் நிற்கிற ஊரும் பார்க்கும். இந்த ஒன்று பொய்யென்றால் கொடியில் கிடந்த மற்ற மூன்றும் பொய். நாற்பது வருடப் பெருமை பொய். எழுபது வயதில் ஒரு மனுசி இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வாள்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்: "பழசை ஏன் உருக்குறியள்? அங்கை புதுசு ஒண்டு வாங்குங்கோவன்." அவள் பெருந்தன்மை என்று நினைத்து நான்தான் பிடிவாதமாக நின்றேன். உன் காசில்தான் என் மருமகளின் தாலி என்று பெரிதாகச் சொன்னேன்.

"அண்ணை, என்ரை அக்காவுக்கு இது தெரியவே கூடாது" என்றேன்.

பத்தர் பையைத் திறந்தார். பழைய படச்சுருள் டப்பி ஒன்றை எடுத்தார். அதற்குள் பஞ்சில் சுற்றி ஒரு பவுண். உண்மையான பவுண். வெறுந்தலை ராசா.

"என்ரை பையிலை எப்பவும் ஒண்டு கிடக்கும். இந்த அலுவலுக்குத்தான்" என்றார். "விலையைப் பிறகு பேசுவம். கண்ணைத் துடையுங்கோ."

சதத்தை என் கையில் வைத்துவிட்டுச் சலோனுக்குப் போய் உட்கார்ந்தார். மாற்றுக் காசைப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பிறகு பொன் உருக்கும் மூசைக்குள் போட்டார். காஸ் விளக்கு சீறியது. நீல நெருப்புக்குக் கீழே ராசாவின் மூக்கு மழுங்கி, தாடி வழிந்து, கடைசியில் ஒரு துளி மஞ்சள் வெளிச்சம் மட்டும் உருண்டு நின்றது. பத்தர் அதை வெற்றிலைத் தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டினார். சம்மந்தி கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேங்காய் உடைந்தது. தொப்பி போட்ட புகைக்கருவி வாய் திறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் கட்டளை போடுகிற அக்கா அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. போனைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோசத்தில் வாயடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சனம் போனபின் இவருக்குச் சொன்னேன். முதலில் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அந்த மாரியிலை வித்திருந்தா ஒரு பாண் வாங்கித் திண்டிருக்கலாம்" என்றார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கார் து நோரில்

அடுத்த நாள் பத்தர் கடைக்குப் போய்க் காசுக்கணக்கை முடித்துவிட்டு, லா சப்பலிலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து வந்தேன். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் கலியாண மாலைக்குச் சொன்ன பற்றுச்சீட்டு. கூசேன்வில் ரயிலுக்கு ஆறு நிமிடம். கீழே இறங்கும் படியில் கால் வைக்கும்போது போன் அடித்தது. அக்கா.

அங்கே பின்னேரம். வழக்கமாக அந்த நேரத்தில் அவளைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். அன்று சத்தமே இல்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு எடுத்திருக்கிறாள் போல.

நல்லாய் நடந்ததா, சம்மந்தி என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டாள். நான் சொன்னேன்.

"வசந்தி, பத்தர் அந்தக் காசை உரைச்சுப் பாத்தவரோ?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிழை பிடிபட்ட பிள்ளையின் குரல்.

தன் காசு பொன் என்று நம்புகிறவள் இதைக் கேட்கமாட்டாள். அது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அக்காவை யாரும் ஏமாற்றவில்லை. அவளுக்குத் தெரியும். முற்றத்தில் நின்று அதைக் கழற்றியபோதே தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடம் ஒரு சதத்தைக் காட்டி என்னை ஆண்டிருக்கிறாள். அந்த மாரி, அந்த இரண்டு வேலை, எடுக்காமல் விட்டுப் பிறகு குற்ற உணர்வோடு திருப்பி எடுத்த அத்தனை அழைப்புகள். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது.

வந்ததைச் சொல்லவில்லை. "ஓம் அக்கா, உரைச்சவர். நல்ல பொன் எண்டு சொன்னவர்" என்றேன்.

உரைத்தால் அது என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அந்தப் பதிலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அது பொன் இல்லையடி" என்றாள்.

"தெரியும்."

"நீ போறதுக்கு முன்னம், அத்தான் ஆஸ்பத்திரியிலை கிடந்த மாசம் நாலு காசையும் வித்துப்போட்டன். அவருக்குக்கூடச் சொல்லேல்லை. எங்கடை பத்தர் பழைய சதத்துக்கு முலாம் பூசித் தந்தவர். ஆரும் கண்டுபிடிக்கேல்லை. நீ போற அண்டு அந்த மனுசி அப்பிடிக் கேட்டவுடனை..." நிறுத்தினாள். "நீ கெதியா அவிழ்த்துப் பாத்திடுவாய் எண்ட பயத்திலைதான் நேர்த்தி எண்டு சொன்னனான். அப்ப உனக்குக் கலியாணமே ஆகேல்லை. உன்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கிடையிலை நானே போய்ச் சேந்திடுவன் எண்டு நினைச்சன். நீ விக்கப்போறன் எண்டு கேட்ட அந்த மாரி முழுக்க எனக்கு நித்திரையில்லை, வசந்தி."

பெட்டிகளை இழுத்துக்கொண்டு சனம் என்னை இடித்துக்கொண்டு போனது.

"உனக்குத் தர என்னட்டை வேறை ஒண்டும் இருக்கேல்லையடி" என்றாள்.

பிறகு அழுதாள். அத்தான் செத்த அன்றுகூட, போனில், யார் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று எனக்குக் கட்டளை போட்டவள். அவள் அழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூசேன்வில் ரயில் வருவதாக அறிவித்தார்கள். அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் நிற்கவேண்டும், காலும் வலித்தது. ஆனால் கீழே இறங்கினால் போன் அறுந்துபோகும். அவள் அழுது முடியும்வரை நான் படிக்கட்டின் மேலேயே நின்றேன்.